பரிசோதனை நாளின் நாற்காலிகள்

வித்துவான் தேர்வுக்குப் படித்துக்கொண்டே பத்மநாபபுரத்துக்கு அருகில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் என் படிப்பு நடந்தது. அங்கே ஆசிரியைகள் நாள் முழுவதும் நின்றே பாடம் நடத்த வேண்டும். அமர்வது சோம்பல் என்பார் மானேஜர். கர்ப்பிணிக்கும் விலக்கில்லை. பள்ளியைப் பரிசோதிக்க இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வரும் நாளில் மட்டும் மானேஜர் வீட்டிலிருந்து நாற்காலிகள் வரும், மாலையில் திரும்பிவிடும்.

சென்ற ஆண்டு வரவேற்புரை கூறும் பணி எனக்கு வந்தது. முடிவில், "இந்த நாற்காலிகள் தங்களுக்காக வந்தவை, தாங்கள் சென்றதும் இவையும் போய்விடும். ஆசிரியைகள் அனைவரும் இதனால் துன்புறுகிறோம்" என்று சபையறியச் சொல்லிவிட்டேன்.

அம்மாள் என் அருகிலிருந்த ஆசிரியையிடம், "உண்மைதானா?" என்று கேட்டார். நிறைமாதத்தை நெருங்கியிருந்த அவர், மானேஜரின் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றார்.

"இல்லம்மா, எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

மாலையே என் வேலை போயிற்று. நன்னடத்தைச் சான்றும் மறுக்கப்பட்டது. வாசலில் அந்த ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி மக்கா, எங்களயும் சேத்துச் சொல்லுததுக்கு முன்ன ஒரு வாக்கு கேட்டியா? நீ ஒத்தைக்காரி. எனக்க மாப்பிள்ள படுத்த படுக்கையில கெடக்காரு."

சான்று இல்லாததால் இரு பள்ளிகள் என்னை ஏற்கவில்லை. விலகிய காரணத்தைக் கேட்டால் நடந்ததையே சொல்கிறேன், அதில் மாற்றமில்லை. பிறருக்காகப் பேசுமுன் மட்டும் இப்போது அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆசிரியைக்கு அமர ஒரு நாற்காலி கிடைத்ததா என்று தெரியவில்லை. புத்தகத்தை விரித்தால் அதுவே நினைவில் வந்து நிற்கிறது.