மாமாவும் இரண்டாம் ஹென்றியும்

மாமாவுக்கு முன்னால் அவருடைய செருப்புத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் வாங்கிய தோல் செருப்பு. கிரவல் றோட்டில் அது கிறீச் கிறீச்சென்று கத்துவது வாசல் படலைக்கு வெகு தூரத்திலேயே கேட்கும். கேட்டதும் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிவிடுவா. மாமா அம்மாவின் தமையன். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். எங்களுக்கு இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்ததும் அவர்தான்.

எத்தனையோ ராசாக்கள் இருக்க, மாமாவுக்கு இரண்டாம் ஹென்றியில்தான் உயிர். இருபத்தொரு வயதில் முடிசூடி, சண்டையில் குழம்பிக் கிடந்த நாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, ஊரூராக நீதவான்களை அனுப்பிய ராசா. "கதிரையிலை இருந்து மீசை முறுக்கின ஆளெண்டு நினைச்சியளோ? குதிரையை விட்டு இறங்காத மனிசன்!" என்று மாமா மேசையில் தட்டுவார். அந்த ராசா தன் சிநேகிதன் தோமஸைத் தானே கன்ரபரிக் கோயிலின் பெரிய குருவாக்கினார். குருவானதும் தோமஸ் ராசாவுக்கு எதிராகக் கோயில் பக்கம் நின்றுவிட்டார். ஆத்திரத்தில் ராசா, 'இவனைக் கேட்க ஒருத்தருமில்லையோ' என்று கத்த, நாலு வீரர்கள் போய்க் கோயிலுக்குள்ளேயே தோமஸை வெட்டிப்போட்டார்கள். பிறகு அதே ராசா கன்ரபரித் தெருவில் வெறுங்காலோடு நடந்து போய், தோமஸின் கல்லறையடியில் முழங்காலில் நின்று துறவிகளிடம் அடி வாங்கினார். அந்த இடம் வந்தால் மாமா மேசையில் தட்டமாட்டார், மெல்லத்தான் சொல்லுவார். "முடியைக் கழட்டிறது லேசு பிள்ளையள். செருப்பைக் கழட்டிறதுதான் கஷ்டம்."

சொல்லுவது சுலபம்தானே! அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு போகத்தில், வாய்க்கால் தண்ணீர் யார் முறையென்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. பள்ளிக்கூட விறாந்தையில் நின்று மாமா, "இந்த மனிசன்ரை கொட்டத்தை அடக்க இஞ்சை ஒருத்தருமில்லையோ!" என்று கத்தினார். பெரிய வகுப்புப் பெடியன்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாத்தியாரைச் சந்தோஷப்படுத்த நினைத்தார்களாக்கும், அன்று பின்னேரமே எங்கள் வயல் வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டுவிட்டார்கள். கதிர் தள்ள இருந்த குடலைப் பயிர் அப்படியே கருகிப்போனது. மாமா வெட்டச் சொல்லவில்லை. ராசாவும்தான் சொல்லவில்லை.

அதோடு செருப்புச் சத்தம் நின்றுபோனது. அதுவரை 'அத்தான்' என்று கூப்பிட்ட அப்பா, அம்மாவிடம் 'உன்ரை கொண்ணன்', உன் அண்ணன், என்று சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடத்திலோ மாமா தோமஸை வெட்டும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடி, "மிச்சத்தை வீட்டிலை வாசியுங்கோ" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம். கோபத்துக்குள்ளேயே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அந்த வருஷம்தான் நான் பெரியபிள்ளையானேன். சடங்குக்குத் தண்ணி வார்க்கிற அன்று தாய்மாமன் வந்து தேங்காய் உடைக்கவேண்டும். அப்பா, "நான் கூப்பிடமாட்டன்" என்றார். அம்மா, "அண்ணர் வராமல் என்ரை பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் வார்க்க விடமாட்டன்" என்றா. இரண்டு பேரும் அசையவில்லை. நடுவில் நான், மூலைக்குள் இருந்து நல்லெண்ணெயும் கத்தரிக்காயும் தின்று அலுத்துப்போனேன். மாமா வராவிட்டால் என் சடங்கும் இல்லை, அம்மாவுக்குத் தமையனும் இல்லை என்பது எனக்கு விளங்கியது.

ஒரு மத்தியானம் சத்தமே இல்லாமல் படலை திறந்தது. மூலையை மறைத்த கிடுகின் இடுக்கால் பார்த்தேன். மாமா! கையில் தேங்காய். காலில் ஒன்றுமில்லை. கொதிக்கும் கிரவலில் அவ்வளவு தூரமும் நடந்து வந்திருக்கிறார். பாதமெல்லாம் புழுதியும் இரத்தமும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அழுகை வந்தது. அப்பாவுக்கு ஹென்றியையும் தெரியாது, கன்ரபரியையும் தெரியாது. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா, "வாய் பிழைச்சுப் போச்சு" என்றார், அவ்வளவுதான். அப்பா கிணற்றடிக்குப் போய் வாளியோடு வந்து குனிந்தார்.

"அத்தான், காலைக் காட்டுங்கோ."

மாமா தேங்காய் உடைக்க, எனக்குத் தண்ணி வார்த்தார்கள். அன்று பின்னேரம் அவர் அப்பாவின் டயர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். திருப்பித் தரவேயில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அடுத்த கிழமை மாமா புத்தகத்தை மூடாமல் கடைசிவரை படிப்பித்தாராம், வகுப்புப் பெட்டைகள் வந்து சொன்னார்கள்.

ஹென்றியை அவர் பெற்ற பிள்ளைகளே எதிர்த்தார்கள். கடலுக்கு அப்பால் ஒரு கோட்டையில், மனம் வெறுத்துச் செத்தார். என் மாமா அப்படிப் போகவில்லை. போகும்போது அவருடைய கை அப்பாவின் கைக்குள் இருந்தது. கட்டிலுக்குக் கீழே தேய்ந்த டயர்ச் செருப்புக் கிடந்தது.

இப்போதும் தோல் செருப்புக் கிறீச்சிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் மாமா என்றதும் என் காதுக்கு வருவது சத்தமே இல்லாமல் படலை திறந்த அந்த மத்தியானம்தான்.