மோட்டார் ரூமில் அரை மணி நேரம்

கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் தலை வாரிக்கொள்ளலாம் என்று வலது கையைத் தூக்கினேன். மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வலித்து நின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பூட்டிய கதவில் இடித்தது போல நின்றது. இடது கையால் முட்டுக்கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். தோளுக்குள் ஏதோ பிய்வது போல ஒரு வலி வந்தது. சீப்பு கீழே விழுந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நாலு வயது. எம்.ரெட்டியபட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. தோள் இறுகிப்போய், இனி இந்தக் கை இவ்வளவுதானா என்று உட்கார்ந்திருக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பாதி வைத்தியமாகவும் மீதி வேறு விஷயமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுந்தது மாசியில். பருத்தி எடுப்பு முடிந்து வண்டியில் பொதி ஏற்றினார்கள். நான் மேலே ஏறி நின்று மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தேன். மாடு ஓரடி எடுத்து வைத்தது. நான் தோள் தரையில் பட விழுந்தேன்.

பந்தல்குடிப் பக்கத்தில் எலும்பு கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நழுவிய தோள்மூட்டை ஒரே இழுப்பில் இடத்தில் சேர்த்துவிட்டார். உளுந்துமாவும் முட்டையின் வெள்ளையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். "மூணு வாரம் கழிச்சு வாங்க, அவுத்து விடுறேன்" என்றார்.

மூன்று வாரம் முடிவதற்குள் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதில் என் மாமனார் கண்டிப்பானவர். சரி, கட்டியவரையே வரச் சொல்வோம் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினோம். "எங்க ஊருலயும் காப்பு" என்று பதில் வந்தது. எங்கள் ஊர்ப் பொங்கல் முடிந்தபோது அவர் ஊர்ப் பொங்கல் முடியவில்லை. இரண்டு ஊர் அம்மனும் பேசி வைத்துக்கொண்டு என் கையைக் கட்டிப்போட்டது போலிருந்தது. நாமே அவிழ்த்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும் என்று இருந்த காலம். ஒருவழியாக அவிழ்த்தபோது இரண்டு மாதத்துக்குப் பக்கமாகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. வீட்டில் எல்லோரும் என்மேல் பாசம் காட்ட ஆரம்பித்தார்கள். "கைய அசைக்காத தாயி" என்று மாமியார் துடைப்பத்தைப் பிடுங்கினார். தண்ணீர்க் குடத்தை ஓரகத்தி தூக்கினாள். என் தலையை அவளே வாரிவிட்டாள். குழந்தையைத் தூக்கி என் இடது இடுப்பில் யாராவது வைப்பார்கள், யாராவது இறக்குவார்கள். நான் பொம்மையாக உட்கார்ந்திருந்தேன். கை அசையாமல் அசையாமல் இன்னும் இறுகியது.

ஒருநாள் குழந்தை பாயில் கிடந்து அழுதது. நான் குனிந்து ஒற்றைக் கையால் அள்ளப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து அழுதுகொண்டே, எனக்குப் பின்னால் நின்ற ஓரகத்தியிடம் இரண்டு கையையும் நீட்டியது. ஓரகத்தி நல்லவள். அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவளை எனக்குக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து என் அண்ணன் வந்தான். அங்கே ஒரு கடையில் வேலை. எங்கள் அய்யாவின் முதுகுவலிக்காக ஒரு மிஷின் வாங்கி வந்திருந்தான். இஸ்திரிப் பெட்டியை விடச் சின்னது. பச்சை வர்ணம் அடித்த இரும்பு உடம்பு, பிடிக்க ஒரு கைப்பிடி, முனையில் ரப்பர் குமிழ். கரண்டில் செருகினால் குமிழ் டகடகவென்று தட்டும். அய்யா ஒரு தடவை முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவிட்டாராம். அது என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்டு கிடையாது. கிணற்றுக்கு இருந்தது. ஊரில் பாதி வீட்டுக்கு அதுதான் நிலை, மனிதர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் சாப்பிட, கிணறு மட்டும் கரண்டில் சொகுசாக இருக்கும். ஆகவே மிஷினைப் போட வேண்டுமென்றால் தோட்டத்து மோட்டார் ரூமுக்குத்தான் போக வேண்டும். மாமியாருக்குக் கரண்டு என்றால் குலைநடுக்கம்.

"பொம்பளைக அதத் தொடவே கூடாது. ஏலே, நீ கூடப் போ, நீயே புடிச்சு வையி" என்று மகனிடம் சொன்னார்.

மகன் என்றால் என் வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் புருஷன் பெண்சாதி பேசிக்கொள்ள இடம் ஏது? மூன்று வருஷத்தில் நாங்கள் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் இந்தக் காலத்தில் நம்பமாட்டீர்கள்.

தினமும் மத்தியானத்துக்கு மேல் போவோம். நான் சாக்கை விரித்துத் தரையில் உட்காருவேன். அவர் பின்னால் குத்தவைத்து மிஷினைத் தோளில் வைப்பார். முதல்நாள் பல்லெல்லாம் ஆடியது. பிறகு, கட்டுக்குள் கிடந்து மரத்துப்போன சதை மெல்லச் சூடேறி இளகும். கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சுகம் இறங்கும். மோட்டார் ஓடினால் மிஷின் சோம்பி முனகும். அதனால் தண்ணீர் பாய்ச்சுவதை முடித்துவிட்டுத்தான் அதைப் போடுவார். மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நாங்கள் பேசினோம். அவருக்குச் சினிமாப் பாட்டு வரும் என்பதும், குழந்தைக்கு என் மூக்கு என்று அவர் நினைப்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன்.

வலி குறைந்தது. ஆனால் கை ஏறவில்லை. மார்பு வரைக்கும்தான்.

ஆடி மாதத்தில் அருப்புக்கோட்டைக்குப் போனோம். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற எலும்பு டாக்டர் ஒருவரைப் பார்க்கப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையைப் பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, தோள்மூட்டு இறுக்கம் (மூட்டைச் சுற்றியிருக்கிற உறை சுருங்கி ஒட்டிக்கொள்வது) என்றார்.

"மிஷின் வச்சுப் பாத்தோங்கய்யா. வலி விட்டுருச்சு, கை ஏற மாட்டேங்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க வச்சீங்க?"

இவர் என் தோளின் உச்சியைக் காட்டினார்.

"அது எலும்பு. அங்க வைக்காதீங்க. கழுத்து முன்பக்கமும் வேண்டாம். பின்னால, இந்தச் சதையில கொஞ்ச நேரம் வைங்க, போதும். அது சதையத் தளர்த்தும். ஒட்டிப்போன மூட்டை அது திறக்காது. கையைத் தூக்கித் தூக்கித்தான் திறக்கணும். வலிக்கும். வலிச்சாலும் செய்யணும்."

தை மாதத்துக்குள் கை ஏறாவிட்டால் மயக்கம் கொடுத்து, தான் கையைப் பிடித்துத் திறந்துவிட வேண்டியிருக்கும் என்றும், அதில் சமயத்தில் எலும்பு முறிவதும் உண்டு என்றும் சொன்னார். பஸ் ஏறித் திரும்பினோம். ஒரு குழந்தையைத் தூக்க முடியாத கையோடு ஆயுசு முழுக்க அந்த வீட்டில் எப்படி இருக்கப் போகிறேன் என்ற ஒரே நினைப்புத்தான்.

டாக்டர் சொன்ன பயிற்சி இது. மேலே ஒரு உருளை, அதில் ஒரு கயிறு. ஒரு முனை நல்ல கையில், மறுமுனை இறுகிய கையில். நல்ல கையால் கீழே இழுத்தால் மற்றது மேலே போகும். உருளைக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வந்த பிறகு கழற்றிப்போட்ட, மாடு கட்டி நீர் இறைத்த கமலையின் உருளை கிணற்றடியில் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதையே மோட்டார் ரூம் விட்டத்தில் தொங்கவிட்டார். முதலில் கொஞ்சம் மிஷின், சதை சூடாக இருக்கும்போதே கயிறு.

முதல் நாள் இழுத்தேன். கத்திவிட்டேன். அவர் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "போதும் புள்ள. நாளைக்குப் பாத்துக்கிடலாம். வா, மிஷின் வைக்கிறேன்."

மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும். நான் முகத்தைச் சுளித்தாலே கயிற்றைப் பிடுங்கிவிடுவார். மிஷினை வைத்தால் நான் சிரிப்பேன், கயிற்றைப் பிடித்தால் அழுவேன். அவருக்கு எது பிடிக்கும்? உண்மையைச் சொன்னால் எனக்கும் மிஷின்தான் பிடித்திருந்தது. கை சரியாகிவிட்டால் இங்கே வர என்ன சாக்கு இருக்கிறது என்ற எண்ணமும் வந்துபோனது. இப்படியே ஆவணி போயிற்று. ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

புரட்டாசியில் குழந்தை நடக்க ஆரம்பித்தது. இரண்டு எட்டு வைத்து விழும், "தூக்கு" என்பது போலக் கையை மேலே நீட்டும். ஒருநாள் அது என்னிடமே வந்து நின்று நீட்டியது. நான் நின்றேன். மாமியார் வந்து தூக்கினார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடிக்க வந்தபோது எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"எனக்கு இந்தக் கை வேணுமா வேண்டாமா? சொல்லுங்க. பாவம் பாத்துப் பாத்தே என்னைய மொண்டியாக்கிப்புடுவீக போல."

அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குப் பாக்க முடியல புள்ள" என்றார்.

"பாக்காதீக. வெளிய போயி நில்லுங்க."

போனார். வாய்க்கால் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மிஷின் வைத்துவிட்டு, எழுந்து வெளியே போய்விடுவார். நான் முடித்துக்கொண்டு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புழுதி" என்பார். ஐப்பசி அடைமழையில் எங்கிருந்து புழுதி வந்ததோ.

கார்த்திகையில் கை தோள் உயரத்துக்கு வந்தது. மார்கழியில் காது வரைக்கும் வந்தது. வலி இருந்தது, ஆனால் அது வேறு வலி. முன்பு இருந்தது மறிக்கிற வலி. இது வழிவிடுகிற வலி. இந்த வித்தியாசம் உங்களுக்கும் ஒருநாள் தெரியும். தெரிந்த பிறகு பயம் போய்விடும்.

தைப் பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அவர் வெளியே நிற்கும்போது, சுவரில் என் தலைக்கு மேலே, மிஷின் முடிந்ததும் அவர் இறக்கிவிட்டுப் போயிருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தேன். அதன் இரும்புக் கைப்பிடியைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும். வலது கையைத் தூக்கினேன். எட்டியது. பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, ஸ்டார்ட்டரையும் அமுக்கினேன். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. வெளியே குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலில் கொட்டியது. அவர் பதறிப்போய் உள்ளே ஓடிவந்தார். நான் கையை இறக்காமல் அப்படியே நின்றேன். மோட்டாரை நிறுத்தக்கூடத் தோன்றாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டுக்குப் போனதும் குழந்தையை நானே தூக்கினேன். அது ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. என் தோட்டைப் பிடித்து இழுத்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். மிஷினைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தார். எனக்குத் துடைப்பமும் குடமும் திரும்பக் கிடைத்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் மட்டும் ஏனோ கை வேலையில் நிற்காது. அவர் தோட்டத்துக்குப் போவார், நான் அடுப்படியில் இருப்பேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சாப்பிட உட்கார்ந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, முதுகு புடிச்சுக்கிருச்சும்மா. குனிய முடியல."

"அய்யய்யோ! அந்த மிஷின எடுத்துக்கிட்டுப் போப்பா" என்று மாமியார் பரணைக் காட்டினார். "ஒத்தையில எப்பிடி முதுகுல வைப்ப? இவளையும் கூட்டிக்கிட்டுப் போ. இவளுக்குத்தான் கரண்டுப் பயம் போயிருச்சே."

ஓரகத்தி குனிந்து சிரிப்பை மறைத்தாள். நான் எதையும் பார்க்காதவள் போல நடந்தேன்.

மோட்டார் ரூமில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தார். நான் மிஷினைச் செருகி, "எங்க வலிக்கு?" என்று கேட்டேன்.

"எங்க வேணாலும் வையி" என்றார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்கு முதுகுவலி இருந்தது. எந்த டாக்டரிடமும் காட்டியதில்லை. பருத்தி மூட்டையை அவர் ஒற்றை ஆளாகத் தூக்குவதை ஊரே பார்த்திருக்கிறது.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது எனக்குத்தான் கால், முதுகு எல்லாம் வலி. மகள் புது மாதிரி மிஷின் ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். கரண்டு வேண்டியதில்லை, சார்ஜ் போட்டால் போதும். நல்ல மிஷின்தான், சத்தமும் அவ்வளவாக இல்லை. பத்து நிமிஷம் தட்டிவிட்டுத் தானாகவே நின்றுவிடுகிறது. உடம்பு லேசாகிவிடுகிறது. அரை மணியில் மீதி இருபது நிமிஷத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.