கவிழ்த்த போட்டின் மேல் ஒரு கை

ஏழுமலை போய்விட்டான். நேற்று காலை நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

"டபுள் சிலிண்டர்" என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும். லைட்ஹவுஸ் குப்பத்தில் உட்கார்ந்து டிரம் அண்ட் பேஸ் மியூசிக் செய்த இருவர். டிரம்ஸ் தேசப்பன், பேஸ் ஏழுமலை. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, என்னிடம் எட்டாவது படித்தவர்கள்.

அது என்ன மியூசிக் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் மெதுவாக வரும்போது, பக்கத்தில் நம் ஃபைபர் போட் படபடவென்று துள்ளும். மேலே துள்ளுவது டிரம்ஸ், அடியில் நகர்வது பேஸ். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வகுப்பில் ஏழுமலையைக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். திமிர் என்று நினைத்து அரை வருஷம் வெளியே நிற்க வைத்தேன். ஒருநாள் தேசப்பன் எழுந்து, "சார், அவனுக்குக் காது சரியா கேக்காது. தோளத் தட்டுங்க, திரும்புவான்" என்றான்.

தட்டினேன். திரும்பினான்.

பெரியவனான பிறகு இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். சிரித்தான். "வுடுங்க சார். வெளில நிக்கசொல்ல செவுத்துல சாஞ்சிக்குவேன். லாரி போனா முதுகுல தெரியும். அங்கதான் சார் நான் பேஸ் கத்துக்கினேன்."

மைக் செட் கடையில் ஆரம்பித்தார்கள். போட் எஞ்சின் சத்தத்தை போனில் பதிந்து செய்த ஒரு பாட்டை லண்டனில் ஒரு சின்ன கம்பெனி ரெக்கார்டாகப் போட்டது. அப்புறம் பெங்களூர், கோவா, ஒரு தடவை பெர்லின்.

மேடை ஏறும்போது ஏழுமலை செருப்பைக் கழற்றிவிடுவான். பக்தி என்று ஒரு பேப்பரில் எழுதினார்கள்... அவன் பாதத்தால் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்டுடியோ என்பது ஏழுமலை வீட்டு வாசல் மணலில் கவிழ்த்து வைத்த ஒரு பழைய ஃபைபர் போட். அடியில் ஸ்பீக்கர். தேசப்பன் பாட்டைப் போடுவான், ஏழுமலை போட்டின் முதுகில் கை வைப்பான். "பத்தல" என்பான். "பத்தல." பிறகு "போதும்." அந்த "போதும்" வராமல் ஒரு பாட்டும் வெளியே போனதில்லை.

ஏழுமலையின் மனைவி செல்வி அந்தப் போட்டின் மேல்தான் மீன் காய வைப்பாள். "காஞ்ச மீனு துள்ளுது பாருங்க சார், இவங்க போடற பாட்டுக்கு" என்று என்னிடம் ஒருமுறை புகார் சொன்னாள்.

கோட்டைக்குப்பத்தில் இப்போது இரண்டு பெண்கள் இதே மியூசிக் செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஒரு போட்டைக் கவிழ்த்து வைத்து, கை வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியிடுகிறார்கள்.

இன்று அடக்கம். சாவு விழுந்ததால் குப்பத்தில் ஒரு போட்டும் கடலுக்குப் போகவில்லை. எஞ்சின் சத்தமே இல்லை.

எடுப்பதற்கு முன் அவன் தோளைத் தட்டினேன். பழக்கம்...

இடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு தேசப்பன் செல்வியிடம் போனான். "அந்தப் புதுப் பாட்டு பாதில நிக்குது. கை வச்சிப் பாக்க அவன் இல்ல. அப்டியே வுட்டுடட்டா?"

"இதுக்கு எவ்ளோ நாளு ஒக்காந்தாரு?"

"நாலு மாசம்."

"போடுண்ணா."

எழுந்து வந்து போட்டின் மேல் கை வைத்தாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

"பத்தல" என்றாள். தேசப்பன் பேஸை ஏற்றினான்.

"பத்தல."

நானும் ஓர் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ரொம்ப நேரம் கழித்து "போதும்" என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது, ஏழுமலை. போய் வா.