ஏழு மணி வருகைப் பதிவு

பகலெல்லாம் இராமநாதபுரம் தந்தி ஆபீசில் ஊராருக்காகத் தட்டிய பால்சாமி, காலையில் வீட்டில் தன் ஆசைக்காகத் தட்டினார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ரேடியோப் பெட்டி ஒன்றை மதுரையில் வாங்கி, பரீட்சை எழுதி லைசென்ஸும் எடுத்து, 1950இல் அமெச்சூர் ரேடியோக்காரர் ஆகியிருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த அவருடைய அய்யா வந்து பார்த்துவிட்டு, "ஏலே, கம்பிகிட்டப் பேசவா உன்னையப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார். மனைவி பூமயிலோ ஏரியல் கம்பியில் சேலை காயப்போட்டாள். மனுஷன் இரண்டையும் சகித்துக்கொண்டார்.

எட்டு வருஷத்தில் கடற்கரை ஊர்களிலும் மதுரையிலுமாக ஏழு பேர் சேர்ந்து சங்கமானார்கள். பால்சாமிதான் தலைவர். தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொருவர் லைசென்ஸ் நம்பரையும் தட்டிக் கூப்பிடுவார். அவரவர் பதில் தட்ட வேண்டும். தட்டும் விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார். அந்த ஏழு பேரில் தங்கசாமிக்கு எப்போதும் கை பறக்கும்.

சட்டம் என்று வந்துவிட்டால் பால்சாமி யார் முகத்தையும் பார்க்கமாட்டார். லைசென்ஸ்காரர் தன் பேச்சைப் பேசலாம், வெளியாள் சேதியை அயல்நாட்டுக்கு அனுப்பக் கூடாது. தங்கசாமி ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரருக்காகப் பினாங்குக்குக் கல்யாணச் சேதி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் தட்டக் கூடாது என்று தண்டனை போட்டார் பால்சாமி. அந்த மாதம் முழுக்க வருகைப் பதிவில் தங்கசாமியின் நம்பரையே தாண்டிப் போனார். கொஞ்சம் அதிகப்படிதான், யார் சொல்வது?

1958இல் கொழும்பில் கலவரம். கீழக்கரை சபியாவின் கணவர் அங்கே கடையில் வேலையாக இருந்தார். அவள் கொடுத்த மூன்று தந்திக்கும் பதில் இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் நேரே பால்சாமி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, அவுக உசிரோட இருக்காகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அல்லாவுக்காகச் செய்யுங்கண்ணே."

கொழும்பில் பால்சாமிக்கு ஒரு ரேடியோ சிநேகிதர் உண்டு. கேட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பிடிபட்டால் லைசென்ஸ் போகும். பிடிபடாவிட்டாலும் தங்கசாமி முகத்தில் எப்படி விழிப்பது? சபியா அழவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். அதுதான் அவரைப் படுத்தியது. பெட்டியைப் போட்டுக் கேள்வியைத் தட்டினார்.

மறுநாள் காலை பதில் வந்தது. கணவர் அகதி முகாமில் நலம். சபியா அப்போதுதான் அழுதாள்.

அன்றைக்கு ஏழு மணிக்குப் பால்சாமி செய்ததை ஒளிக்காமல் தட்டினார். தனக்கும் ஒரு மாதம் தண்டனை, நாளையிலிருந்து தங்கசாமி கூப்பிடுவார் என்று முடித்தார்.

"நல்ல காரியத்துக்குக்கூடவா தண்டனை?" என்றாள் பூமயில்.

"தங்கசாமி செஞ்சது மட்டும் கெட்ட காரியமா?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது.

தட்டத்தான் தடை, கேட்கத் தடையில்லை. மறுநாள் ஏழு மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தங்கசாமியின் கை அன்று பறக்கவில்லை. நிதானமாக முதலில் கூப்பிட்டது பால்சாமியின் நம்பரைத்தான். பிறகு, ஒருவர் பதில் தட்ட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

பால்சாமியின் விரல் தந்திக் கட்டைக்குப் போய்விட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. முப்பது நாளும் தங்கசாமி அந்த நம்பரைத் தாண்டிப் போகவில்லை.