வெடி நனைந்த மாலை

அறுபத்திரண்டாம் வருஷம் மாசிக் கடைசியில் எங்கள் அக்கா அன்னமணி போய்விட்டாள். சபையில் ‘நித்திரையடைந்தாள்’ என்று அறிவித்தார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நித்திரை என்றால் முகத்தையாவது பார்க்க விட்டிருப்பார்களே.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அக்காவும் தம்பி ஞானமுத்துவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். அது அக்காவின் முடிவு. “நீ வாத்தியாராயிட்டா நாங்க ரெண்டு பேரும் ஒன் வகுப்புல வந்து உக்காந்துக்கிறோம்லே. அடிக்கக் கூடாது” என்று சிரிப்பாள்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. வேலையைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஃபோர்மேன் அதைச் சொல்லிவிடுவார். “சத்தம் கேட்டா எதிர்ப்பக்கமா ஓடு. திரும்பிப் பாக்காத. யாரையும் தேடாத.” ஒரு ஷெட்டில் தீப்பிடித்தால் அடுத்த ஷெட்டுக்குத் தாவும். அதனால் உயிர் காக்கிற பாடம்தான் அது. முத்துவுக்கு அது உடம்பிலேயே ஊறியிருந்தது. வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட, அவன் வாசலுக்கு வெளியே நிற்பான். அக்கா கேலி பண்ணுவாள். “தட்டுக்கெல்லாம் ஓடாதலே. சோத்தோட இருக்கு.”

அன்றைக்கு அக்கா வெடிமருந்து செலுத்துகிற ரூமில் இருந்தாள். முத்து வெளியே வேப்பமரத்தடியில் திரி வைத்துக்கொண்டிருந்தான். வெடித்ததும், சொல்லிக் கொடுத்தபடியே ஓடினான். கரிசல் காட்டைத் தாண்டி, உடைமரங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். பொழுது சாயும் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அக்காவைக் கொண்டு போய்விட்டார்கள்.

அதிலிருந்து அவன் பேசவில்லை. அழவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுவாள். அவன் கட்டை மாதிரி இருப்பான். எனக்கு ஜெபமே வறண்டு போனது. முழங்காலில் நிற்பேன். “ஆண்டவரே” என்பேன். அதற்கு மேல் எதுவும் வராது. எழுந்துவிடுவேன்.

அந்தச் சித்திரையில் எங்கள் வாலிபர் சங்கத்தில், பையன்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது என்று ஏற்பாடு செய்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்கு மேல் உள்ள காடு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்ததோடு சரி. நடத்தியவர் ஞாயிறு பள்ளி தானியேல் சார். அம்மா என்னிடம் வந்தாள்.

“யய்யா, முத்துவையும் கூட்டிட்டுப் போ. வெடிச் சத்தம் கேக்காத எடத்துல நாலு நா இருக்கட்டும்.”

அந்த வேண்டுதலோடுதான் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆனால் தானியேல் சார் மடியில் ஒரு காக்கிப் பை வைத்திருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “சிவகாசிப் பக்கமா? பைல வெடி கிடி இருந்தா இப்பவே எறங்கிக்கோங்க.”

“ஞானப்பாட்டுப் புஸ்தகம்யா” என்றார் சார்.

மேலே ஞானப்பாட்டுப் புத்தகம் இருந்தது உண்மைதான். அடியில் ஓலை வெடிக் கட்டுகள் இருந்தன. காட்டுக்குப் போகிறோம், யானை வந்தால் விரட்ட வேண்டாமா? வேறு ஊர்க்காரர்கள் விசில் கொண்டு போவார்கள், கொம்பு கொண்டு போவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும். நான் சாரைத் தனியே கூப்பிட்டு, தம்பியைப் பற்றிச் சொன்னேன். “தெரியும்லே. அவசரம்னாத்தான் தொடுவேன்” என்றார்.

ஓடைக்கரையில் லாரித் தார்ப்பாயைக் கட்டிக் கூடாரம் போட்டோம். வழிகாட்டியாகவும் சமைக்கவும் அடிவாரத்திலிருந்து கருப்பையா அண்ணன் வந்திருந்தார். முதல் நாளே சார் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு சட்டம் போட்டார். “வழி தப்பிட்டா அங்கனயே நில்லுங்க. நான் வெடி போடுவேன். சத்தம் வந்த பக்கமா வாங்க. வெளங்குச்சா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். முத்துவும் ஆட்டினான்.

செல்லத்துரை என்று ஒரு பையன், வாய்த்துடுக்கு உள்ளவன். முத்துவைப் பார்த்து, “ஏலே ஊமைச்சாமி, நீ வழி தப்புனா நாங்க எப்படிலே கண்டுபிடிக்க?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் முறைத்ததோடு விட்டுவிட்டேன். விளையாட்டுப் பேச்சுத்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் மேலே ஓர் அருவிக்கு ஏறிப்போய்க் குளித்துவிட்டு, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். வழியில் ஒரு காட்டு மாமரத்தில் மலை அணில் ஒன்று இருந்தது. பூனை அளவு இருக்கும். செம்பட்டை நிறம், நீளமான வால். மாங்காயை இரண்டு கையிலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. முத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. பின்னால் வருகிறவர்களோடு வருவான் என்று நான் நடந்தேன். பின்னால் வந்தவர்கள், அண்ணனான என்னோடு முன்னால் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் இல்லை.

திரும்பி மாமரத்துக்கு ஓடினோம். அணிலும் இல்லை, அவனும் இல்லை. கடித்துப் போட்ட மாங்காய்க் கொட்டைதான் கிடந்தது. சார் காக்கிப் பையைத் திறந்து, பாறை மேல் வைத்து ஒரு வெடியைப் பற்ற வைத்தார். எங்கள் ஊர்க் களத்தில் கேட்பது வேறு. மலைக்குள் அது எதிரொலித்து எதிரொலித்துப் போனது. காத்திருந்தோம். இன்னொன்று போட்டார். யாரும் வரவில்லை.

கருப்பையா அண்ணன் ஓடை மணலைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவர் எங்களைக் கூப்பிட்டார். ஈர மணலில் சின்னக் கால்தடங்கள் எங்களை நோக்கி வந்திருந்தன. ஓர் இடத்தில் அப்படியே திரும்பி, அகலம் அகலமாக எதிர்ப்பக்கம் போயிருந்தன.

“பய இங்கன வரைக்கும் வந்துருக்கான்யா” என்றார் அண்ணன். “எதையோ பாத்துப் பயந்து ஓடியிருக்கான். கரடி கிரடி வந்துச்சோ என்னமோ.”

கரடி என்றதும் சார் பைக்கு ஓடினார். கரடியை விரட்டுவதற்காக வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட ஆரம்பித்தார். நானும் நெருப்புக்குச்சி உரசிக் கொடுத்தேன். கம்பெனிப் பாடம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காதால்தான் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவன். அது என் கால்களுக்குத் தெரியாது. அதனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். பை பாறை மேல் திறந்தபடியே கிடந்தது. சார் தடுக்கி விழுந்து எழுந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெடி அத்தனையும் நமுத்துப் போனது. தீப்பெட்டி கூழாகிவிட்டது. பாட்டுப் புத்தகங்கள் ஊறிப் பருத்துக் கிடந்தன. சார் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஒங்க அம்மாவுக்கு என்னத்தலே சொல்லுவேன்” என்றார்.

நான் அந்த மழையில் முழங்கால் போட்டேன். அதை ஜெபம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சண்டைதான் போட்டேன். ‘அக்காவை எடுத்துக்கிட்டீரு. ஏன்னு கேக்கல. இப்ப இவனையும் எடுத்துக்கிடவா மலைக்குக் கூட்டியாந்தீரு? அவனைக் கூப்பிட எங்க கைல இருந்தது இது ஒண்ணுதான். அதையும் நனைச்சிட்டீரே. இனி நான் எதைக் கொண்டு கூப்பிடுவேன்?’ அக்கா போனபிறகு ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் நான் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

மழை தூறலாகக் குறைந்தது. செல்லத்துரைதான் முதலில் வாயைத் திறந்தான். அழுது அவன் கண் சிவந்திருந்தது. “சார், வெடிதானே நமுத்துப்போச்சு. தொண்டை நமுக்கலையே. கூப்பிடுவோம் சார்.”

எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஞானமுத்து, ஞானமுத்து என்று ஆளுக்கொரு குரலில். காட்டில் அது வெறும் இரைச்சலாகத்தான் போனது. கருப்பையா அண்ணன் கையமர்த்தினார். “ஒரு ஆளு கூப்பிடுங்கய்யா. வீட்டுல கூப்பிடுற மாதிரி.”

நான் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. வாய் அதுவாகத் திறந்தது. பொழுது சாயும்போது அக்கா எங்கள் தெருமுனையில் நின்று, வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் கூப்பிடுவாள். அந்த இழுப்பு, அந்த இறக்கம், அப்படியே வந்தது.

“முத்தூ... யே முத்தூ... சோறு ஆறுதுலே...”

மாசிக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். மலையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடைக்கு அந்தப்பக்கம் புதர் அசைந்தது. சார் கம்பை எடுத்தார். வந்தது முத்து. பாதத்தில் வெட்டுக் காயம், சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் யாரையோ தேடினான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வாடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“அக்கா கூப்பிட்டுச்சுன்னு வந்தேன்” என்றான்.

அக்கா போனதிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. ஓடைத் தண்ணீரில் நின்றபடியே அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அழுதான். அழுதுகொண்டே சொன்னான்.

“கரடியெல்லாம் இல்லண்ணே. வெடி கேட்டுச்சு. சத்தத்துப் பக்கம்தான் வரணும்னு தெரியும். வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். மறுபடி கேட்டதும் காலு நிக்கலண்ணே. நீங்க போடப் போட நான் ஓடிக்கிட்டே இருந்தேன்.”

சார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முத்து நிறுத்தவில்லை.

“அன்னைக்கும் அக்கா கூப்பிட்டுச்சுண்ணே. முத்தூன்னு கூப்பிட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல.”

இதைத்தான் அந்தப் பிள்ளை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். நாங்கள் அவனைப் பேச வைக்க என்னென்னவோ செய்தோம். அவனுக்குப் பேச இருந்தது இந்த ஒன்றுதான்.

கருப்பையா அண்ணன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். செல்லத்துரை தன் பெட்டியிலிருந்து காய்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஊமைச்சாமின்னு இனிமே சொல்ல மாட்டம்லே” என்றான். முத்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அக்கா கூப்பிட்டதையும் சொன்னான். அம்மா அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “நீ ஓடுனதாலதான்யா எனக்கு நீயாவது மிச்சம். ‘ஓடுலே’ன்னு சொல்லத்தான் அவ கூப்பிட்டுருப்பா.” அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அம்மா அதை நம்புகிறாள். முத்துவும் நம்பப் பார்க்கிறான்.

பிரியமானவர்களே, நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அக்கா வரவில்லை. அவள் இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் கண்ணால் கண்டேன். எதை ஆண்டவர் பறித்துக்கொண்டார் என்று அவரோடு சண்டை போட்டேனோ, அதுதான் என் தம்பியை என்னைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் அதை நனைத்துவிட்டார். அது அவருடைய பதில் என்று தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஏதாவது போனால் முதலில் பயப்படுகிறேன், கொஞ்சம் முணுமுணுக்கவும் செய்கிறேன். ஆனால் அவரோடு பேசாமல் இருப்பதில்லை. ஜெபிக்க வார்த்தை வராமல் உங்களில் யாராவது இருந்தால், சண்டையாவது போடுங்கள். அவர் கேட்கிறார்.

நான் இப்போது காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். கடைசி பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வரும். முத்து கம்பெனிக்குத் திரும்பப் போகவில்லை. திருத்தங்கல்லில் ஓர் அச்சாபீஸில் தாள் மடிக்கிறான். இன்னும் எங்காவது வெடித்தால் எழுந்துவிடுவான். ஆனால் வாசல்வரை போய் நின்றுவிடுகிறான். ஓடுவதில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிறான். கதவோரம், கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பான். நீங்கள் அவனைப் பார்த்தால் பின்னால் போய்த் தோளில் தட்டாதீர்கள். கைதட்டியும் கூப்பிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, முத்து என்று நிதானமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திரும்பிப் பார்ப்பான்.