எலியேசர் போட்ட ரவுட்டர்

எலியேசர் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. கம்ப்யூட்டர் சர்வீஸ். பதினாறு வருடப் பழக்கம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை யார் வீட்டில் வைஃபை படுத்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். நன்றாக ஓடும் பார்ட்டை மாற்றச் சொல்லிக் காசு பிடுங்கமாட்டான். ஒரே ஒரு வியாதி, அவன் கை வைத்த சாமானை யாராவது குறை சொன்னால் தாங்கமாட்டான். வாய் முந்திக்கொள்ளும்.

மேடவாக்கத்தில் ஷ்யாம்சுந்தர் என்று ஒருவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர், தன் அபார்ட்மெண்டின் அசோசியேஷன் செயலாளர். அங்கிருக்கும் நூற்றிருபது வீட்டுக்கும் எலியேசரைச் சிபாரிசு செய்தவர். அவர் வீட்டு ரவுட்டர் எலியேசர் போட்டது. வீட்டில் யார் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அவர் போனுக்கு லிஸ்ட் வரும்படி செய்து கொடுத்ததும் அவன்தான். குழந்தைக்காக என்று கேட்டாராம். குழந்தைக்கு வயது நாலு.

லிஸ்ட் அவர் மனைவிக்காக. ஸ்ரீவித்யா கணக்கு டீச்சர். கல்யாணமானதும் வேலையை விடவைத்துவிட்டார். மனுஷன் கை நீட்டுவதில்லை. சாப்பிட உட்காரும்போது போனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பார். காலையில பதினொன்றேகாலுக்கு இந்த சைட் எதுக்கு? யார் சொன்னா? என்ன படிச்ச? தட்டில் சோறு காயும்வரை கேட்பார். இதற்கு ஓங்கி ஒரு அறை விட்டாலே தேவலை என்று அவளே எலியேசரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையோடு வந்தாள். ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கட்டைப்பையில் லேப்டாப்பை வைத்து எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணா, இன்காக்னிட்டோல பாத்தாலும் அவருக்குத் தெரிஞ்சிடுது. வர்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு வீடியோல இன்டர்வியூ. ஊட்டிப் பக்கம் ஒரு போர்டிங் ஸ்கூல். தங்க வீடும் தராங்க. கிடைச்சா இவளைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

எலியேசர் அவளுக்குப் பாடமே நடத்தினான். இன்காக்னிட்டோ லேப்டாப்புக்குள் இருக்கும் தடத்தைத்தான் துடைக்கும், ரவுட்டர் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்றான். அந்தக் கண்ணை மறைக்க வி.பி.என். என்று ஒரு ஆப் உண்டு, ஆனால் இலவசமாகக் கிடைப்பது வேண்டாம், அதை நடத்துகிறவனே நம் விவரத்தை விற்றுவிடுவான் என்றான். நல்லதாக ஒரு வி.பி.என். பார்த்துப் போட்டு, லேப்டாப் திறந்தாலே எல்லாம் அதன் வழியாகப் போகும்படி செட்டிங்கை மாற்றினான்.

"இனிமே ரவுட்டருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது மேடம்."

அங்கேதான் பிசகியது. ஒரு எழுத்துகூடத் தெரியாவிட்டால் லிஸ்டில் அவள் இடம் காலியாக அல்லவா கிடக்கும்? சமையல் குறிப்பும் குழந்தைப் பாட்டும் வழக்கம்போல வரட்டும் என்று விட்டு, பள்ளிக்கூடத்தை மட்டும் மறைத்திருக்க வேண்டும். அதற்கும் வழி உண்டாம். எல்லாம் முடிந்தபிறகு சொன்னான், அதிமேதாவி.

திங்கட்கிழமை என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஷ்யாம்சுந்தரின் போன் வந்தது. கையில் டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க, மூணு நாளா வைஃப் லேப்டாப் லிஸ்ட்லயே வரல. நீங்க போட்ட ரவுட்டர் டப்பா ஆயிடுச்சுபோல. வேற ஆளை வெச்சு மாத்திக்கட்டுமா?"

எலியேசருக்குச் சுருக்கென்று ஏறியது. "சார், நான் போட்ட ரவுட்டர் கல்லு மாதிரி கீது. அதும்மேல பழி போடாதீங்க. லேப்டாப்ல வி.பி.என். ஓடுது, அதான் காட்டல. நானே போட்டது சார்."

சரியான பதில் என்று நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். எனக்கும் அந்த நொடியில் உறைக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

அந்தப் பக்கம் குரல் குழைந்தது. "ஓ, நீங்களே போட்டதா? நல்லதாப் போச்சு. புதன்கிழமை எனக்கு லீவு. வந்து நீங்களே எடுத்துடுங்க."

முடியாது என்று சொல்லடா என்றேன். "நூத்திருபது வூடுண்ணா" என்றான். புதன்கிழமை போனான்.

அதற்குள் ஷ்யாம்சுந்தர் இரண்டு நாளாகக் கேட்டுக் கேட்டு, அவள் வாயிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கியிருந்தார். எலியேசர் வி.பி.என்.னை எடுத்து, செட்டிங்கைப் பழையபடி வைத்தான். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "டெஸ்ட் பண்ணிடலாம். வித்யா, உக்காரு. எதையாவது திற" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கத்தைத் திறந்து, நாளைய இன்டர்வியூவுக்கு வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று இரண்டு வரி தட்டி அனுப்பினாள். போனில் பள்ளியின் பெயர் வந்தது. ஷ்யாம்சுந்தர் அதைச் சத்தமாக வாசித்தார்.

ஸ்ரீவித்யா எலியேசரைத் திரும்பிப் பார்த்தாள். "வேலை செய்யுதாண்ணா?"

"சூப்பரா வேலை செய்யுது மேடம்" என்று சொன்னானாம் இந்தப் பாவி.

இதைச் சொல்லிவிட்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். எனக்குச் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. ஜெராக்ஸ் எடுக்க ஆள் நின்றது, எழுந்து போய்விட்டேன்.