பீரோ மேல் காலிப் பெட்டிகள்

வளைகுடாவில், ரூவியில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மகள் புது மிக்ஸியைப் பெட்டியிலிருந்து உருவினாள். தெர்மாகோல் கிறீச்சிட்டது. எனக்குப் பல் கூசியது.

வேறொரு வளைகுடா நாட்டில், ஃபஹாஹீலில் நான் வளர்ந்த ஃபிளாட்டின் சத்தம் அது. அங்கே பீரோ மேல் கூரை முட்டக் காலிப் பெட்டிகள் இருக்கும். டிவியோ கிரைண்டரோ, எதை வாங்கினாலும் அதன் பெட்டியை அப்பா தெர்மாகோலோடு பத்திரப்படுத்துவார். ஊருக்கு அதில்தானே கட்டி அனுப்ப வேண்டும்? மணல்காற்று ஓய்ந்ததும் அம்மா ஸ்டூலில் ஏறி, சாமி படத்தைத் துடைப்பதுபோல ஒவ்வொன்றையும் துடைப்பாள்.

"அடுத்த வருஷம் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிடுவோம்டி," என்பார் அப்பா, வருஷா வருஷம் அம்மாவிடம். டிவி கெட்டுப்போய்த் தூக்கிப் போட்ட பிறகும் அதன் பெட்டி மேலேயே இருந்தது.

கடைசியில் கம்பெனி அப்பாவை நிறுத்தியபோது, சாமான்களை அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. பழைய சாமான் வாங்கும் பாகிஸ்தானி வந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். அப்பா ஓடி ஓடிப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார்.

"பாக்ஸ் நை சாஹியே, பாய். கலாஸ்." பெட்டி வேண்டாம், அவ்வளவுதான் என்று அவர் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார். ஊரில் வாடகை வீட்டில் அப்பா அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள்.

"ஏங்க, இந்த மிக்ஸி அட்டைய கீழ போட்டுடவா?" என்றாள் மனைவி.

"வேணாம். ஊருக்குப் போறப்ப வேணும்."

மகள் நிமிர்ந்தாள். "எந்த ஊருப்பா?"

அவள் கேலி செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டியைப் பீரோ மேல் ஏற்றினேன்.